எல்லோரும் இரண்டு என்றுதான் எழுதுகிறார்கள்

காட்பாடியிலிருந்து ஒரு வாசகர் கேட்டது, மே 26, 2025

கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளிடம் எத்தனை குழந்தைகள் வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். என் மகன், அவன் நண்பர்கள், அக்காள் மகள், யாரைக் கேட்டாலும் இரண்டு என்றுதான் சொல்கிறார்கள். அப்படியிருக்கத் தமிழ்நாட்டில் பிறப்பு குறைந்துவிட்டது, நாளை ஆளே இருக்காது என்று மேடைக்கு மேடை ஏன் அலறுகிறார்கள்? இருவருக்கு இருவர். கணக்கு நேராகத்தானே இருக்கிறது?

மே 26, இரவு

நேராக இல்லை. ஒரு தலைமுறை தன்னை ஈடுகட்டிக்கொள்ளச் சராசரி 2.1 வேண்டும். வளர்ந்து ஆளாவதற்குள் சில பிள்ளைகள் இறந்துபோகிறார்கள். பிறக்கும்போதே ஆண்கள் எண்ணிக்கை சற்றுக் கூடுதல். அந்தப் புள்ளி ஒன்று போகட்டும். பெரிய விஷயம், இரண்டு வேண்டும் என்று சொல்கிறவர்கள் எல்லோரும் இரண்டு பெறுவதில்லை. மாதிரிப் பதிவு முறை என்ற அரசுக் கணக்கு 2020இல் தமிழ்நாட்டுக்குத் தந்த மொத்தக் கருவள விகிதம், அதாவது ஒரு பெண்ணுக்குச் சராசரியாக எத்தனை பிள்ளை என்ற எண், 1.4. இந்தியா முழுமைக்கும் 2.0.

உங்கள் மகன் பொய் சொல்லவில்லை. ஆனால் அவன் சொன்னது உங்கள் கேள்விக்குப் பதில்தானா என்பதில் எனக்குச் சந்தேகம். நாளை எழுதுகிறேன், மின்சாரம் வேறு போய் வந்துகொண்டிருக்கிறது.

மே 27

வேலூரில் இருபாலரும் படிக்கும் ஒரு கல்லூரியில் சமூகப்பணி பாடம் நடத்துகிறேன். கள ஆய்வு முறைகள் என்ற தாளில் வினாப்பட்டியல் தயாரிக்கும் பயிற்சி உண்டு. ஒவ்வோர் ஆண்டும் இதே கேள்வியைத்தான் கொடுக்கிறேன், ஆனால் இரண்டு விதமாக. வகுப்பின் ஒரு பாதிக்கு: "ஒரு குடும்பத்துக்கு எத்தனை பிள்ளைகள் இருந்தால் நல்லது?" மறுபாதிக்கு: "நீங்கள் எத்தனை பிள்ளைகள் பெற்றுக்கொள்வீர்கள்?"

முதல் பாதி உட்கார்ந்த வேகத்தில் முடித்துவிடும். இரண்டு, இரண்டு, இரண்டு. நடுவில் எப்போதாவது ஒரு மூன்று. கிரிக்கெட் அணிக்கு ஆள் சேர்க்கிறேன் என்று பதினொன்று எழுதும் ஒருவன் எல்லா ஆண்டும் இருப்பான். ஆள்தான் மாறுவான், நகைச்சுவை மாறாது.

மறுபாதியில்தான் விஷயம் இருக்கிறது. பையன்கள் அங்கேயும் ஓர் எண்ணை எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடுவார்கள். பெண்கள் தாளின் ஓரத்தில் எதிர்க்கேள்வி எழுதுவார்கள். "வேலைக்குப் போக விடுவார்களா, மேம்?" "அம்மா வீடு பக்கத்தில் இருக்குமா?" "முதல் குழந்தை ஆணா, பெண்ணா?" ஒருத்தி, "அவர் எப்படிப்பட்டவர் என்று தெரியாமல் நான் எப்படி எழுதுவது?" என்று கேட்டு, எண் எழுத வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டிருந்தாள். அந்தத் தாளுக்கு முழு மதிப்பெண் போட்டேன்.

அமெரிக்காவில் காலப் கருத்துக்கணிப்பு, ஒரு குடும்பத்துக்கு எத்தனை பிள்ளைகள் நல்லது என்ற அந்த முதல் கேள்வியை 1936 முதல் கேட்டுவருகிறது. மக்கள்தொகை ஆய்வாளர்களுக்கு இதன்மீது பழைய மனக்குறை ஒன்று உண்டு: ஏற்கெனவே மூன்று பெற்றவரிடம் கேட்டால் இரண்டு போதும் என்று சொல்ல மனம் வராது, எதிரில் நிற்கும் மூன்றாவதின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. மாணவர்களிடம் அந்தத் தொல்லை இல்லை. பிள்ளையே இல்லாதவர்கள். பிள்ளை வளர்த்துப் பார்த்தவர்களும் இல்லை. ஆகவே பார்த்த வீட்டை எழுதுகிறார்கள்.

மே 27, இரவு

பார்த்த வீடு என்று எழுதியதை விளக்கச் சொல்லி ஒருவர் கேட்டிருக்கிறார். இன்றைக்கு இருபது வயதானவர்கள் 2005ஐ ஒட்டிப் பிறந்தவர்கள். 2005-06 தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டின் விகிதம் அப்போதே 1.8. அப்பா, அம்மா, அண்ணன், தங்கை. முன்னால் பெட்ரோல் டேங்கில் ஒன்று, நடுவில் ஒன்று. ஒரு பைக்கில் வேலூர் கிரீன் சர்க்கிள் சந்திப்புக்குப் போய்ப் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வரலாம். போலீஸ்காரர் கண்ணில் படக் கூடாது, அவ்வளவுதான். இருபது வயதில் எழுதும் "இரண்டு" அந்த பைக்கின் கொள்ளளவு.

மே 29

"இந்தக் காலத்துப் பெண்களுக்குச் சுயநலம், அழகு கெட்டுவிடும் என்று பெறுவதில்லை" என்று எழுதிய பெரியவருக்கு: என் வகுப்பில் எந்தத் தாளின் ஓரத்திலும் அழகு பற்றி ஒரு வரி வந்ததில்லை. கல்விக் கட்டணம் வருகிறது. மாமியார் வருகிறார். சிசேரியன் வருகிறது. வாணியம்பாடியிலிருந்து தினமும் ரயிலில் வந்து படிக்கும் ஒருத்தி, தன் அம்மா வாங்கிக் கட்டிய சுய உதவிக் குழுக் கடனில் தன் பங்கு எவ்வளவு, தம்பியின் பங்கு எவ்வளவு என்று ரூபாய்க் கணக்கே எழுதியிருந்தாள்.

சுயநலம் என்ற சொல்லை எடுத்ததால் ஒன்று. 1930இல் கர்ப்பத்தடையைப் பற்றிப் பெரியார் எழுதியபோது, மற்றவர்கள் நாட்டின் வறுமைக்காகவும் தாயின் உடல்நலத்துக்காகவும் அதை ஆதரிக்கிறார்கள், நான் பெண்ணின் விடுதலைக்காக ஆதரிக்கிறேன் என்று வேறுபாட்டைச் சொல்லியே எழுதினார். தொண்ணூற்றைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் நாம் நாட்டுக்காகப் பெறுவதா, நாட்டுக்காக நிறுத்துவதா என்றே பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஜூன் 1

நான் குடியாத்தத்துக்காரி. நைனா தறியில் லுங்கி நெய்தார். அம்மா மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றினாள். நான் மூன்றாவது பெண். எனக்குப் பின்னால் ஒரு தம்பி. அவன் பிறந்த கையோடு அம்மாவுக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன். எங்கள் வீட்டுக்கு எதிர்ச்சுவரில் சிவப்பு முக்கோணம் வரைந்து "நாம் இருவர் நமக்கு இருவர்" என்று எழுதியிருந்தது. அதைப் பார்த்துத்தான் நான் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகினேன். படித்து முடித்துவிட்டு வீட்டுக்குள் எண்ணினால் நாங்கள் நால்வர்.

அந்த நாளில் யாராவது அம்மாவிடம் எத்தனை வேண்டும் என்று கேட்டிருந்தால் இரண்டு என்றுதான் சொல்லியிருப்பாள். உண்மையும் அதுதான். ஒரு பெண், ஒரு ஆண். அந்த இரண்டு வந்து சேர நான்கு பிரசவம் ஆயிற்று, அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவில் வந்தவர்கள் நானும் இன்னொருத்தியும். ஆகவே யாராவது இரண்டு என்றால் எனக்கு உடனே அடுத்த கேள்வி வந்துவிடுகிறது: எந்த இரண்டு?

எங்கள் தெருவில் போதும்பொண்ணு என்று ஒருத்தி இருந்தாள். அவளுக்குப் பிறகும் அந்த வீட்டில் இரண்டு பெண்கள் பிறந்தார்கள்.

ஜூன் 2

1.8ஆ 1.4ஆ, ஏதாவது ஒன்றைச் சொல் என்று ஒருவர் மல்லுக்கு நிற்கிறார். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு தமிழ்நாட்டுக்கு 1.8 என்றது, மாதிரிப் பதிவு முறை 2020க்கு 1.4 என்றது. ஒன்று வீட்டுக்கு ஆள் அனுப்பிப் பெண்களிடம் கடந்த ஆண்டுகளின் பிரசவங்களைக் கேட்டு எழுதுவது. மற்றது குறிப்பிட்ட சில பகுதிகளைத் தேர்ந்தெடுத்து அங்கே நிகழும் பிறப்பு இறப்புகளைத் தொடர்ந்து பதிவுசெய்து, ஆறு மாதத்துக்கொரு முறை வேறோர் ஆளைக் கொண்டு சரிபார்ப்பது. முறை வேறு, எண் வேறு. இரண்டுமே 2.1க்குக் கீழேதான், உட்கார்ந்து நிதானமாகச் சண்டை போடலாம்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த விகிதம் எந்தப் பெண்ணும் உண்மையில் பெற்ற எண்ணிக்கை அல்ல. இந்த ஆண்டில் 20 வயதுக்காரிகள் பெற்றது, 25 வயதுக்காரிகள் பெற்றது, 35 வயதுக்காரிகள் பெற்றது என எல்லாவற்றையும் ஒரே பெண் தன் ஆயுளில் பெற்றால் எவ்வளவு ஆகும் என்று கற்பனையாகக் கூட்டுவது. எல்லோரும் ஒரே சமயத்தில் தள்ளிப்போட ஆரம்பித்தால் அந்த ஆண்டுகளில் எண் கூடுதலாகவே சரியும். பிறகு அவர்கள் பெற்றால் கொஞ்சம் ஏறும். பெற்றால்.

ஜூன் 7

"எந்த இரண்டு" என்ற கேள்வியை வகுப்பில் கேட்டிருக்கிறீர்களா என்று ஒரு தங்கை கேட்டாள். கேட்டிருக்கிறேன். தாளில் வரிசையாகக் கொடுப்பேன்: முதல் குழந்தை பெண், இரண்டாவதும் பெண், அடுத்து? முதல் குழந்தை ஆண், இரண்டாவதும் ஆண், அடுத்து?

முன்பெல்லாம் முதல் வரிசைக்கு "இன்னொன்று பார்க்கலாம்" என்று வரும். இப்போது பெரும்பாலும் "போதும்" என்று வருகிறது. மகிழ்ச்சிதான். ஆனால் இரண்டாவது வரிசையில், இரண்டும் ஆண் என்றால், "ஒரு பெண் இருந்தால் வீடு கலகலப்பாக இருக்கும்" என்று மூன்றாவதற்கு ஆசைப்படுகிறவர்கள் முன்பைவிடக் கூடியிருக்கிறார்கள். அப்படி எழுதுவதில் பையன்களும் உண்டு. வயதான காலத்தில் பார்த்துக்கொள்வது மகள்தான் என்ற செய்தி அவர்கள் காதுக்கும் போய்விட்டது போலிருக்கிறது.

இது எந்த ஊர் மண்ணில் என்பதை மறந்துவிடக் கூடாது. கே.வி. குப்பம் வட்டார கிராமங்களில் நடந்த பெண் சிசுக்கொலையைப் பற்றிய ஆய்வு 1992இல் வெளிவந்தது. என் மாணவிகளில் பலர் அந்த ஊர்களிலிருந்துதான் பஸ் ஏறி வருகிறார்கள். அதே 1992இல் அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தையும் பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டத்தையும் கொண்டுவந்தது. பின்னதன் நிபந்தனையைப் படித்துப் பாருங்கள். ஒரே பெண் குழந்தை என்றால் 50,000 ரூபாய் வைப்புத்தொகை, இரண்டும் பெண் என்றால் ஆளுக்கு 25,000. ஆண் குழந்தை இருக்கக் கூடாது. பெற்றோரில் ஒருவர் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டிருக்க வேண்டும்.

ஜூன் 7, பிற்பகல்

"அப்படியானால் ஒரு கையால் நிறுத்து என்று பணம் கொடுத்து, மறு கையால் பெற்றுக்கொள் என்று அழைக்கிறார்களா?" என்று கேட்டவருக்கு: ஆமாம். 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்துத் திருமண விழாவில் முதலமைச்சர் ஸ்டாலின், மணமக்கள் உடனே குழந்தை பெற்றுக்கொள்ள வேண்டும் என்று பேசினார். காரணம் தொகுதி மறுவரையறை. மக்களவைத் தொகுதிகளின் மாநிலப் பங்கீடு 1971 மக்கள்தொகைக் கணக்கின்மீது நிற்கிறது. 1976இல் உறைய வைத்து, பிறகு 2026க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தார்கள். பிறப்பைக் கட்டுப்படுத்திய மாநிலம் தன் 39 இடங்களின் பலத்தை இழக்குமா என்ற கவலை நியாயமானது. அதைத் தீர்க்க வேண்டிய இடம் நாடாளுமன்றம். என் மாணவியின் கருப்பையில் கொண்டுபோய்த் தீர்க்கப் பார்ப்பது நியாயமில்லை. இன்றைக்குப் பிறக்கும் குழந்தை வாக்களிக்கவே பதினெட்டு வருடம் ஆகும் என்று பின் பெஞ்சிலிருந்து ஒருவன் சொன்னான். மக்கள்தொகைக் கணக்கில் பிறந்த குழந்தையும் ஒரு தலைதான், வாக்கு வேறு தலை வேறு என்று திருத்தினேன். "அப்போது எண்ணுவதற்கு மட்டும்தான் வேண்டுமா, மேம்?" என்றான்.

ஜூன் 8

சின்னக் குறிப்பு. எங்கள் எதிர்ச்சுவரைப் பற்றி எழுதினேனே, அந்த இடத்தில் இப்போது மாடிக் கட்டடம். அதன்மேல் பெரிய பலகை: கருத்தரிப்பு மையம். தவணை முறையில் கட்டணம் கட்டலாமாம்.

ஜூன் 15

மகப்பேறு விடுப்பைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று நினைத்துக்கொண்டிருந்தேன், நல்லவேளை ஒரு செவிலியர் ஆரம்பித்தார்.

தமிழ்நாட்டு அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் ஓராண்டு விடுப்பு. உயிரோடு இருக்கும் பிள்ளைகள் இரண்டுக்குக் குறைவாக இருந்தால். மத்தியச் சட்டத்தில் முதல் இரண்டு பேறுக்கு 26 வாரம், அதற்குமேல் 12 வாரம். தருமபுரி மாவட்டத்து அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு மூன்றாவது பிள்ளை என்று சொல்லி விடுப்பை மறுத்தார்கள். முதல் இரண்டு பிள்ளைகளும் முந்தைய திருமணத்தில், அரசு வேலைக்கு வருவதற்கு முன்பே பிறந்தவர்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், போன மாதம் 23ஆம் தேதி அவர் பக்கம் தீர்ப்பானது. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தும் நோக்கத்தையும் மகப்பேறு உரிமையையும் ஒன்றுக்கொன்று எதிரியாக்காமல் இணக்கமாகப் பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம்.

தனியாரில் நிலைமை வேறு. என் மகள் பிறந்தபோது நான் வேலை பார்த்த இடத்தில் விடுப்பு மூன்று மாதம், அதில் பாதிக்குச் சம்பளம் இல்லை. திரும்பி வந்தபோது என் பாடவேளைகள் வேறொருவருக்குப் போயிருந்தன. எனக்கு நூலகப் பொறுப்பு. இரண்டாவது பெற்றுக்கொள் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். பார்த்துக்கொள்கிறேன் என்று யாரும் சொல்லவில்லை. ஒன்றோடு நிறுத்திவிட்டேன். எனக்கும் இருபது வயதில் இரண்டுதான் வேண்டியிருந்தது.

ஜூன் 16

பரிதாபப்பட்டு எழுதிய மூவருக்கும்: என் மகள் நன்றாக இருக்கிறாள். ஒற்றைப் பிள்ளை பிடிவாதக்காரியாகும் என்றார்கள். பிடிவாதம்தான். என்னிடமிருந்து வந்தது.

ஜூன் 22

கல்லூரி திறந்தாகிவிட்டது. இந்த ஆண்டு தாளில் எண்ணைக் கேட்கவில்லை, தொடக்கத்தில் கை மட்டும் தூக்கச் சொன்னேன். தாளில் ஒரு நேர்கோடு போடச் சொன்னேன். இடது முனை 20 வயது, வலது முனை 40. அதில் குறிக்க வேண்டியவை: படிப்பு முடிவது, முதல் வேலை, வீட்டுக் கடனில் உங்கள் பங்கு தீர்வது, திருமணம், முதல் குழந்தை, இரண்டாவது குழந்தை. யார் பார்த்துக்கொள்வார் என்று ஒவ்வொரு குழந்தைக்குக் கீழும் ஒரு பெயர்.

வகுப்பு இவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும்.

முதுகலை முடிய 22. வேலை 23, கிடைத்தால். அரசுத் தேர்வுக்குப் படிப்பவர்கள் அங்கேயே ஐந்து வருடத்தைக் கோட்டில் சாய்த்துவிட்டார்கள்; குரூப் 4, குரூப் 2 என்று வரிசையாகப் புள்ளிகள். அக்கா கல்யாணக் கடன், தம்பி படிப்பு. பெண்களின் திருமணப் புள்ளி 26லிருந்து 29 வரை சிதறிக் கிடந்தது. ஓரத்தில் "அம்மா 23 என்கிறாள்" என்று ஒரு குறிப்பு. முதல் குழந்தை 30 பக்கம். இரண்டாவதுக்கு வரும்போது பலருக்கு 34, 35 ஆகிவிட்டது. அப்போது ஒருத்தி தலையை நிமிர்த்தி, "மேம், அப்போது எங்கள் அம்மாவுக்கு எத்தனை வயது இருக்கும்?" என்று கேட்டாள். எல்லோரும் தங்கள் அம்மாக்களின் வயதைக் கூட்ட ஆரம்பித்துவிட்டார்கள். பார்த்துக்கொள்வார் என்று எழுதிய அந்த அம்மாவுக்கு அப்போது அறுபதைத் தாண்டியிருக்கும், முட்டிவலி ஏற்கெனவே வந்துவிட்டது. இரண்டாவது குழந்தையைக் கோட்டிலிருந்து அடித்துவிட்டவர்கள் அதன்பிறகு கூடிக்கொண்டே போனார்கள். வகுப்பின் தொடக்கத்தில் கை தூக்கச் சொன்னபோது இரண்டு என்று தூக்கிய அதே கைகள்.

பையன்களின் கோட்டில் திருமணமும் முதல் குழந்தையும் இருந்தன. பார்த்துக்கொள்வார் என்ற இடத்தில் "அம்மா", "மனைவி", "இருவர் அம்மாவும்". "நான்" என்று எழுதியவன் ஒருவன்தான். அவனை மற்றவர்கள் கேலிசெய்தார்கள். ராணிப்பேட்டைப் பையன், அம்மா தோல் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை, தங்கையைத் தூக்கி வளர்த்தவன். அவனுக்கு டயப்பர் விலை தெரியும்.

காட்பாடிக்காரரே, எத்தனை என்று இவர்கள் யாரும் முடிவெடுக்கவில்லை. எப்போது, யார் உதவியோடு என்பதைத்தான் முடிவெடுக்கிறார்கள். எண் அதன் மிச்சம்.

ஜூன் 23

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு ஆம்பூரிலிருந்து ஒரு ஆசிரியை கேட்டது சரியான கேள்வி: "தன் கோட்டைத் தானே போடுகிற வசதி எத்தனை பேருக்கு?" என் வகுப்பிலேயே தேர்வு முடிவு வருமுன் நிச்சயம் ஆகிவிடும் பெண்கள் இருக்கிறார்கள். ஷூ கம்பெனிக்குப் போய்க்கொண்டே தொலைநிலைக் கல்வியில் படிப்பவர்களை நான் பார்ப்பதே இல்லை. அவர்களில் பலருக்கு 25க்குள் இரண்டும் பிறந்து, ஆபரேஷனும் முடிந்துவிடுகிறது. தென்னிந்தியாவின் வழக்கமான பாதை அதுதான்: சீக்கிரம் கல்யாணம், சீக்கிரம் இரண்டு, சீக்கிரம் நிறுத்தம். பல்கலைக்கழக மாணவர்களை வைத்து மாவட்டத்தையே பேசக் கூடாது. ஆனால் இந்த மாணவிகளுக்கு முன்னால் அந்தப் பழைய பாதை அடைபட்டிருக்கிறது. புதிய பாதையில் இரண்டாவது பிள்ளைக்கு இன்னும் இடம் ஒதுக்கப்படவில்லை. அந்த அளவுக்கு மட்டும் என் கோடு செல்லுபடியாகும்.

ஜூன் 30

"வடக்கே ஐந்தும் ஆறும் பெறுகிறார்கள், நாம்தான் ஏமாளிகள்" என்ற வாதம் வரும் என்று எதிர்பார்த்தேன், வந்துவிட்டது. பீகாரின் விகிதம் 2019-21இல் 3.0. அதிகம்தான், ஆனால் ஐந்தோ ஆறோ இல்லை, இறங்கிக்கொண்டும் இருக்கிறது.

எங்கள் வீட்டு மாடியில் பீகாரிலிருந்து வந்து பொறியியல் படிக்கும் பையன்கள் குடியிருக்கிறார்கள். படிக்கட்டில் மடக்கிக் கேட்டேன். "ஒன்று போதும், ஆன்ட்டி" என்றான் ஒருவன். அவன் வீட்டில் ஐந்து பேர், அவன் கடைக்குட்டி. அக்காக்களின் படிப்பை நிறுத்தித்தான் தன்னை இங்கே அனுப்பியிருக்கிறார்கள் என்று சாதாரணமாகச் சொன்னான். குடியாத்தத்தில் எங்கள் வீட்டிலும் தம்பிதான் பாலிடெக்னிக் போனான், பெரிய அக்கா எட்டாவதோடு பீடி முறத்தை எடுத்துக்கொண்டாள். காட்பாடி ரயில் நிலையத்தில் இறங்குகிறவனின் கதை நமக்கு அவ்வளவு அந்நியமில்லை.

ஜூலை 6

இதுவரை செலவையும் வேலையையும் பேசினோம். உறவைப் பேசவில்லை. போன வாரம் முதலாண்டு மாணவி ஒருத்தி, தன் ஒன்றுவிட்ட அக்காளின் குழந்தைக்குக் காது குத்துக்குப் போய்விட்டு வந்து சொன்னாள். ரத்தினகிரி கோயிலில் வைத்துச் செய்திருக்கிறார்கள். அந்த அக்கா ஒரே பிள்ளை. குழந்தையை மடியில் உட்கார வைக்கத் தாய்மாமன் இல்லை. பங்காளி முறையில் ஒரு மாமனைச் சென்னையிலிருந்து வரவழைத்து, அவருக்கும் அலுவலகத்தில் விடுப்பு கிடைக்காமல், கடைசியில் அவர் நேராக ஆசாரி ஊசியை எடுக்கும் நேரத்துக்கு வந்து, குழந்தை புது முகத்தைப் பார்த்து ஓ என்று அழுது, காது குத்தியதற்கு அழவே இல்லையாம். முன்பே அழுது முடித்துவிட்டது.

சிரித்தோம். சிரித்துவிட்டு வகுப்பில் ஒரு கணக்குப் போட்டோம். கணவனும் ஒரே பிள்ளை, மனைவியும் ஒரே பிள்ளை என்றால் அவர்கள் குழந்தைக்குச் சித்தப்பா இல்லை, பெரியம்மா இல்லை, அத்தை இல்லை, மாமன் இல்லை. மஞ்சள் நீராட்டுக்குச் சீர்வரிசைத் தட்டு யார் தூக்குவது? பந்தக்கால் நட்ட வீட்டில் யாரோடு கோபித்துக்கொள்வது? மாமனைக் கூப்பிடவில்லை என்று ஒரு சண்டை இல்லாமல் வட ஆற்காட்டில் எந்தக் கல்யாணமாவது நடந்திருக்கிறதா?

பெண்களில் ஒரு பாதி, "அதற்காகவாவது இரண்டு வேண்டும், மேம்" என்றது. "மாமன் சீர் செய்தே கடன்காரரான அப்பாவைப் பார்த்தவள் நான், இல்லாவிட்டால் நிம்மதி" என்று ஒருத்தி. கே.வி. குப்பத்துப் பெண் சொன்னதுதான் எனக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது: "எனக்கு அண்ணன் இருக்கிறான், மாமன் ஆவான். ஆனால் ஆஸ்பத்திரியில் அம்மா கிடந்த பதினைந்து நாளும் கூட இருந்தவள் சித்திதான். அவள் அம்மாவின் மூன்றாவது தங்கை. இரண்டோடு நிறுத்தியிருந்தால் அவள் இருந்திருக்க மாட்டாள்."

மூன்றாவது பெண்கள் சங்கம் ஆரம்பிக்கலாம் என்றேன். தலைவர் பதவி எனக்கு.

ஜூலை 7

பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு என்பது பிள்ளைகளைக் குறிக்காது, செல்வங்களைக் குறிக்கும் என்று விளக்கவுரை அனுப்பிய நால்வருக்கும் நன்றி. தெரியும். அட்சதை போடும் பாட்டிகளுக்கும் தெரியும். ஆனால் எங்கள் ஆயா ஒன்பது பெற்று ஐந்தைக் காப்பாற்றியவள், அவள் அதைச் சொல்லும்போது பிள்ளைகளைத்தான் நினைத்தாள்.

ஜூலை 19

ஆடி பிறந்துவிட்டது. எதிர் வீட்டுப் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போய்விட்டார்கள். ஆடியில் சேர்ந்தால் சித்திரையில் பிள்ளை, சித்திரையில் பிள்ளை பெற்றால் வேலூர் வெயிலில் தாயும் சேயும் வெந்துபோகும். ஆண்டுக்கு ஒரு மாதம் அரசுக்குச் செலவில்லாத குடும்பக் கட்டுப்பாடு. மாப்பிள்ளை மட்டும் வாட்டசாட்டமாகத் திண்ணையில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருக்கிறார், இரவு பதினொன்று வரை.

ஆகஸ்ட் 3

பழைய மாணவி ஒருத்தி பேசினாள். வங்கியில் வேலை, வயது 31, ஒரு பையன். அவள் தாள் எனக்கு நினைவிருக்கிறது, ஏனென்றால் பெரிய எழுத்தில் இரண்டு என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தாள். அடுத்தது எப்போது என்று நானும் ஊர்க்காரிபோல் கேட்டுவிட்டேன். சிரித்தாள். மாமியார் திருப்பத்தூரில் மாமனாரைப் பார்த்துக்கொள்கிறார், அம்மாவுக்கு டயாலிசிஸ். சத்துவாச்சாரியில் பையனை விடும் காப்பகம் மாலை ஐந்தரைக்கு மூடிவிடுகிறது, வங்கியிலிருந்து அவள் கிளம்பவே ஆறரை ஆகிறது. அந்த ஒரு மணி நேரத்துக்குப் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு மாதம் பணம் கொடுக்கிறாள், அவரும் அடுத்த மாதம் மகன் வீட்டுக்குப் போகிறார். "மேம், எனக்கு இன்னும் இரண்டுதான் ஆசை. இந்த ஒரு மணி நேரத்தை யாராவது பார்த்துக்கொண்டால் பேசலாம்" என்றாள்.

சத்துவாச்சாரி, வள்ளலார், காட்பாடி பக்கம் ஏழு மணி வரை திறந்திருக்கும் குழந்தைகள் காப்பகம் யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள். சனிக்கிழமையும் வேண்டும். பையனுக்கு இரண்டரை வயது.